இருட்டுக்குள் ஒருவர் உறங்குகிறார்

வணக்கம் நேயர்களே.

அதிகாலை மூன்று மணிக்கு வடசென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் நின்று பாருங்கள். ஏலம் களைகட்டியிருக்கும். அங்கே வண்ணத்தில் படம் எடுத்தால் கண் நீலக் கூடைகளிலும் மஞ்சள் தார்ப்பாயிலும் ஓடிவிடுகிறது. கறுப்பு வெள்ளையில் எடுத்தால் வஞ்சிரத்தின் முதுகில் வழுக்கும் ஒளியும், ஐஸ் உருகிய ஈரத்தரையும், கூடையைத் தலைக்கு ஏற்றும் அம்மாவின் கழுத்து நரம்பும் மிஞ்சுகின்றன. எனக்கு அவை போதும்.

இரவுப் படம் எடுக்க வரும் இளைஞர்கள், "வெளிச்சம் போதுமா சார்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். தாராளமாகப் போதும். கேமராவை அப்படியே நம்புவதுதான் ஆபத்து. அதன் ஒளிமானி எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்கு இழுக்கப் பார்க்கும். இருண்ட சந்து ஒன்றைக் காட்டினால் ஷட்டரை அதிக நேரம் திறந்து வைத்துவிடும். நள்ளிரவுத் தங்கசாலைத் தெரு மாலை ஆறு மணித் தெருவாகிவிடும். டீக்கடை பல்பு வெள்ளைத் திட்டாகிப் போகும். ஆகவே அது சொல்லும் அளவிலிருந்து ஒரு ஸ்டாப், ஒன்றரை ஸ்டாப் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும். நான் ஒளியுணர்திறன் 400 ஐஎஸ்ஓ உள்ள பிலிமை 1600 என்று வைத்து எடுத்து, படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் கரைசலில் கூடுதல் நேரம் விடுகிறேன். மணிமணியாகப் புள்ளி தெரியும், தெரியட்டும். டீக்கடைக்கு முன்னால் லென்ஸ் துவாரம் f/2, ஷட்டர் நொடியில் 60-இல் ஒரு பங்கு என்றால் கையிலேயே எடுத்துவிடலாம்.

1930களில் பாரிஸின் இரவுத் தெருக்களைப் படமாக்கிய புகைப்படக் கலைஞர் பிராசாய் முக்காலி வைத்துப் பொறுமையாக எடுத்தார். நம் சந்துகளில் முக்காலியை விரித்தால், சரக்கு ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டிக்கு வழி இருக்காது. மின்கம்பத்தில் தோளைச் சாய்த்து, மூச்சை அடக்கிக்கொண்டால் சரி.

சோடியம் விளக்குகள் எரிந்த காலத்தில் சிவப்புச் சேலையும் பச்சைச் சேலையும் ஏறக்குறைய ஒரே நிறமாகத் தெரியும். இப்போது எல்இடி. நேர் மேலிருந்து விழும் அந்த வெள்ளை ஒளியில் கண்குழியும் மூக்கின் அடியும் இருண்டுவிடுகின்றன. முகத்துக்கு நான் தேடுவது வண்டிக்கடையிலிருந்து பக்கவாட்டில் வரும் வெளிச்சத்தைத்தான்.

வடசென்னை இரவு என்றாலே கத்தியும் ஓட்டமும் என்று காட்டுவதில் எனக்குத் தீராத வருத்தம் உண்டு. பழைய வண்ணாரப்பேட்டையில் ஓர் இரவு, மீன்பாடி வண்டியிலேயே உறங்கிய பெரியவர்மேல் பிளாஷ் அடித்துவிட்டேன். கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு எழுந்தார். "நான்கு மணிக்குச் சரக்கு ஏற்ற வேண்டும். தூங்க விடப்பா," என்றார். அதட்டவில்லை, கெஞ்சினார். அதற்குப் பிறகு பிளாஷைத் தொட்டதில்லை. இருட்டை இருட்டாகவே விடுங்கள் என்று நான் சொல்வது அழகுக்காக மட்டும் இல்லை. அந்தக் கறுப்புக்குள் ஒருவர் உறங்கிக்கொண்டிருக்கிறார்.

பிறகு அவரிடம் கேட்டுக்கொண்டு, அதே இடத்தில் ஒரு படம் எடுத்தேன். தெருவிளக்கு வெளிச்சம் பாதத்தில் மட்டும் விழுந்தது. மற்றதெல்லாம் கறுப்பு. பிரின்ட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அதை விளக்கடியில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். குதிகாலின்மேல் விரலை வைத்து, "இந்த வெடிப்பு என்னுடையதுதான்," என்றார். பிறகு மடிக்காமல், வண்டிப் பலகையின் அடியில் செருகி வைத்துக்கொண்டார்.

நன்றி, வணக்கம்.