செருகுநிரல் இன்று யார் கையில்?

நேயர்களுக்கு வணக்கம். வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் இணையதளம் நடத்தும் கடைக்காரரானாலும் பள்ளி அலுவலரானாலும், செருகுநிரல் பற்றி, அதாவது தளத்துக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் பிளகின் பற்றி, என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இந்தச் செருகுநிரலை நிறுவலாமா? பெயரே கேள்விப்பட்டதில்லையே!" பெயர் தெரியாமல் இருப்பது ஒரு குற்றமா என்ன? நான் திருப்பிக் கேட்பது வேறு. அது இன்று யார் கையில் இருக்கிறது?

கைப்பேசியில் ஒரு செயலி, கேமராவைத் தொடுமுன் உங்களிடம் அனுமதி கேட்கிறது. வேர்ட்பிரஸில் அந்தப் பேச்சே கிடையாது. தொடர்புப் படிவம் காட்ட வந்த செருகுநிரல் உங்கள் தரவுத்தளம் முழுவதையும் படிக்கலாம், புதிய நிர்வாகிக் கணக்கையும் உருவாக்கலாம். அதனால்தான் யார் கையில் என்று கேட்கிறேன்.

2017இல் நடந்ததைச் சொல்கிறேன். என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். இதைச் சொல்லாமல் நான் எந்தக் கூட்டத்திலிருந்தும் இறங்குவதில்லை. டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ் என்று ஒரு செருகுநிரல். பக்க ஓரத்துப் பெட்டிகளில் எது எந்தப் பக்கத்தில் தெரிய வேண்டும் என்று முடிவு செய்வது, அவ்வளவுதான் அதன் வேலை. சுமார் 2 லட்சம் தளங்களில் இருந்தது. எழுதியவர்கள் அதை 15,000 டாலருக்கு விற்றுவிட்டார்கள். பெயர் அதே பெயர், கைதான் வேறு. சில வாரங்களில் வந்த புதுப்பிப்புக்குள் ஒரு பின்கதவு, அதாவது வெளியாள் ரகசியமாக உள்ளே நுழையும் வழி. அதன் வழியாக அந்தத் தளங்களில் குப்பை விளம்பரப் பக்கங்களை ஏற்றினார்கள். சாமர்த்தியத்தைக் கேளுங்கள்: நிர்வாகியாக உள்நுழைந்திருப்பவர் கண்ணுக்கு அவை தெரியாது, வெளியிலிருந்து வருபவருக்கு மட்டும் தெரியும்! செருகுநிரல்களை வழங்கும் வேர்ட்பிரஸின் அதிகாரபூர்வக் களஞ்சியத்திலிருந்து அதன் பொறுப்பாளர்கள் இந்தச் செருகுநிரலை நீக்கினார்கள். திருத்திவிட்டதாகத் திரும்பி வந்தது. இப்படி நான்கு முறை நீக்கினார்கள். அங்கே நீக்கினாலும், ஏற்கெனவே நிறுவிய தளத்திலிருந்து அது தானாகப் போய்விடாது, கவனியுங்கள். அதே ஆண்டு டிசம்பரில், சுமார் 3 லட்சம் தளங்களில் இருந்த கேப்ட்சா என்ற செருகுநிரலும் கைமாறிப் பின்கதவோடு பிடிபட்டது.

ஆக, நிறுவியவர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். கடைசியாகப் புதுப்பித்த தேதியும் தனியாக எதையும் சொல்லாது; அந்த வில்லங்கமே புதுப்பிப்பாகத்தானே வந்தது? ஆண்டுக்கணக்கில் தூங்கிய செருகுநிரல் புதிய உரிமையாளர் பெயரில் திடீரென எழுந்தால் நான் தொடமாட்டேன். இருநூறு பேரே பயன்படுத்தினாலும், பயனர் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்கிறவர், ஒவ்வொரு பதிப்பிலும் எதை மாற்றினேன் என்று எழுதிவைக்கிறவர் என்றால் துணிந்து முயல்வேன்.

காசு கொடுத்து வாங்க வேண்டியதை இலவசமாகத் தருகிறேன் என்று வேறு தளங்கள் அழைக்கும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சோதனை முறையைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாக: முதலில் தளத்தின் நகலில் நிறுவிப் பாருங்கள், காப்புப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். வேண்டாத செருகுநிரலை முடக்கிவைத்தால் போதாது. அதன் கோப்புகள் சர்வரிலேயே கிடக்கும். முழுவதுமாக அழித்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.