எங்கள் வீட்டுக் கடிகாரம்

நேயர்களுக்கு வணக்கம்.

சிறப்புத் தேவை உள்ள குழந்தைகளை வளர்ப்பதில் இருக்கும் சந்தோஷங்களையும் சிரமங்களையும் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். என் மகனுக்கு ஆட்டிசம். வயது 15. பேசுவான், ஆனால் அளந்துதான் பேசுவான். இப்படி ஒரு பிள்ளையின் அம்மா மைக் முன்னால் உட்கார்ந்ததுமே கேட்பவர்கள் இரண்டில் ஒன்றை எதிர்பார்ப்பார்கள். ஒன்று, அழுகை. இல்லாவிட்டால் சாதனைக் கதை. இரண்டையும் இன்றைக்குத் தள்ளி வைத்துவிடலாம். காலையில் பல் தேய்ப்பதில் தொடங்கி இரவு விளக்கை அணைப்பது வரை எங்களைப் போன்றவர்களின் வீடுகளில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

எங்கள் பெற்றோர் குழுவில் யாரைக் கேட்டாலும் பிள்ளைதான் கஷ்டம் என்று சொல்ல மாட்டார்கள். நேரம்தான் கஷ்டம் என்பார்கள். பள்ளிக்கூட மணி, அலுவலக நேரம், ஆஸ்பத்திரி வரிசை எல்லாம் ஒரு வேகத்தில் ஓடுகின்றன. எங்கள் பிள்ளைகளின் வேகம் வேறு. இரண்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருப்பது அம்மாவும் அப்பாவும். அலுப்பும் அங்கேதான், சிரிப்பும் அங்கேதான்.

பல் தேய்ப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது யோசிக்காமல் செய்கிற வேலை. என் மகனுக்குப் பேஸ்டின் காரம் நாக்கில் தீ வைத்த மாதிரி. பிரஷ் முனை ஈறில் பட்டால் உடம்பே கூசும். ஆட்டிசம் உள்ள பலருக்குத் தொடுதல், சத்தம், வெளிச்சம், வாசனை எல்லாம் நமக்குப் படுகிற அளவில் படுவதில்லை. சில விஷயம் பல மடங்கு அதிகமாகப் படும், சில விஷயம் படவே படாது. சட்டைக் கழுத்தில் தைத்திருக்கும் லேபிள் நாள் முழுக்க உறுத்தும். பொது இடத்துக் கழிவறையில் கை உலர்த்துகிற மெஷின் ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவான். அதே பிள்ளை, தலையணைகளை மேலே அடுக்கி அமுக்கச் சொல்லி ஆனந்தமாகச் சிரிப்பான். அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டின் என்ற கால்நடை அறிவியல் பேராசிரியர் இருக்கிறார். அவருக்கும் ஆட்டிசம். மாடுகளுக்கு ஊசி போடும்போது இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்கிற கூண்டைப் பதின்ம வயதில் பார்த்தார். அதில் மாடுகள் அமைதியாவதைக் கவனித்து, தனக்கும் அப்படி ஓர் அணைப்பு இயந்திரத்தைத் தானே செய்துகொண்டார். அவரைப் பற்றித் தெரிந்த பிறகு தலையணை விளையாட்டை யாரும் எங்கள் வீட்டில் 'சேட்டை' என்று சொல்வதில்லை.

சரி, பல் தேய்த்தாயிற்று. இனி சட்டை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்த பாடம் இதுதான்.

பெரியவர்கள் ஒரு வேலையைச் சொல்லிக்கொடுக்கும்போது முதல் படியிலிருந்து தொடங்குவோம். சட்டையை எடு, முன்பக்கம் எது பார், தலையை நுழை, வலது கை, இடது கை, கீழே இழு. எங்கள் பிள்ளை முதல் இரண்டு படியிலேயே களைத்துப்போவான். மீதியை நாம் மடமடவென்று முடித்துவிடுவோம். அதாவது தினமும் அவன் தொடங்குவான், நாம் முடிப்போம். அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குகிற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இதை அப்படியே தலைகீழாக்கிக் கொடுத்தார். தலையை நுழைத்து, இரண்டு கையையும் மாட்டி, சட்டையை நெஞ்சு வரை இறக்கிவிட்டு அம்மா நிறுத்திக்கொள்ள வேண்டும். கீழே இழுத்துவிடுவது மட்டும் பிள்ளையின் வேலை. அது நன்றாக வந்த பிறகு இடது கையும் அவன் பொறுப்பு. அப்புறம் வலது கை. இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும். இதில் என்ன வித்தியாசம் என்றால், முதல் நாளிலிருந்தே வேலையை முடிப்பவன் அவன். முடித்தவனுக்குத்தானே கைத்தட்டல்! சட்டையின் கீழ் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, 'டக்'கென்று ஓர் இழுப்பு. இழுத்துவிட்டுக் கண்ணாடியில் ஒரு பார்வை. அந்தப் பார்வையில் இருந்த கர்வத்தை ஒரு மந்திரி பதவியேற்பில்கூட நான் பார்த்ததில்லை. சட்டை முழுவதும் அவன் கைக்கு வர மாதக்கணக்கானது. அவன் தங்கை இதையே ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டாள். அவள் எப்போது கற்றாள் என்பதே எங்களுக்குச் சரியாக நினைவில்லை. அவன் கற்றதில் ஒவ்வொரு படியும் நினைவிருக்கிறது.

எங்களைப் பார்க்கிறவர்கள் 'நீங்கள் பெரிய பொறுமைசாலி' என்று பாராட்டுகிறார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் பொறுமை பிறவிக் குணமில்லை. காலையில் அரை மணி நேரம் முன்னதாக எழுந்தால் பொறுமை தானாக வரும். எழத் தவறினால் நானும் எல்லா அம்மாக்களையும் போலக் கத்துகிறவள்தான். எனவே பாராட்டுக்குப் பதிலாக யாராவது என்னோடு ஒரு மணி நேரம் வீட்டில் இருந்தால் எனக்கு அது போதும்.

பேச்சும் அப்படித்தான். கேள்வி கேட்டால் அவனிடமிருந்து பதில் வரத் தாமதமாகும். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளில் ஒன்றைக் கவனித்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று வினாடியாக்கியதும் மாணவர்களின் பதில்கள் நீண்டன, பேசாமல் இருந்த பிள்ளைகளும் வாய் திறந்தார்கள். இது எந்தக் குறையும் இல்லாத பிள்ளைகளின் வகுப்பு. என் மகனுக்கு மூன்று போதாது. மனதுக்குள் பத்து வரை எண்ண வேண்டும். ஏழில் நம் பொறுமை போய் மறுபடி கேட்டால், பாதி வழி வந்த பதில் திரும்பிப் போய்விடும். அவன் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இன்னொன்று, அவன் தன் சொந்த வாக்கியத்தைவிடக் கேட்ட வாக்கியங்களைத்தான் அதிகம் பயன்படுத்துவான். இதைப் பொருளில்லாத எதிரொலி என்று ஒரு காலத்தில் ஒதுக்கினார்கள். பொருள் நிறைய உண்டு. லிஃப்டில் வரும் அறிவிப்பு அவனுக்கு மனப்பாடம்: 'கதவுகள் மூடப்படுகின்றன.' ஏதாவது முடிந்துபோக வேண்டும் என்று அவனுக்குத் தோன்றினால் இதைச் சொல்வான். ஹோம்வொர்க் போதும் என்றால், கதவுகள் மூடப்படுகின்றன. குளித்தது போதும் என்றால், கதவுகள் மூடப்படுகின்றன. ஒரு நாள் தூரத்து உறவில் ஓர் அக்கா வந்து, கர்ப்பமாக இருந்தபோது நான் என்ன தப்பு செய்திருப்பேன் என்று விலாவாரியாக ஆராய்ந்துகொண்டிருந்தார். இவன் எழுந்து அவர் எதிரில் போய் நின்றான். மணிக்குரலில் 'கதவுகள் மூடப்படுகின்றன' என்றான். அவருக்கு விளங்கவில்லை. 'என்ன சொல்றான் தம்பி?' என்றார். என் கணவர் அவசரமாக உள்ளே போய்விட்டார், சிரிப்பை அடக்க.

அந்த அக்காவின் மேல் எனக்குக் கோபமில்லை. அவரைவிடப் படித்தவர்கள் இதே பழியைச் சொல்லியிருக்கிறார்கள். லியோ கேனர் என்ற மருத்துவர் 1943-இல் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதியதிலிருந்துதான் ஆட்டிசம் மருத்துவ உலகில் ஒரு தனி நிலையாகப் பேசப்பட்டது. அதற்குப் பிறகு பல ஆண்டுகள், அம்மா அன்பு காட்டாததால்தான் பிள்ளை இப்படி ஆனது என்று நிபுணர்களே சொன்னார்கள். 'குளிர்பதனப் பெட்டித் தாய்' என்று பெயர் வேறு. பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்த பெண்களிடம் இதைச் சொல்லியிருக்கிறார்கள். பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர் 1964-இல் ஒரு புத்தகம் எழுதி, இது மூளை உருவாகும் விதத்தைச் சார்ந்த விஷயம் என்று வாதாடினார். அவரே ஆட்டிசம் உள்ள மகனின் அப்பா. வீட்டில் பார்த்தவருக்குத் தெரியாதா? அம்மா மேல் பழி குறைந்ததும் தடுப்பூசி மேல் பழி வந்தது. தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1998-இல் வெளியிட்ட கட்டுரையை 'லான்செட்' மருத்துவ இதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனாலும் வாய்வழி வதந்தியை யார் திரும்பப் பெறுவது? இளம் பெற்றோர் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் அழுத்தமாகச் சொல்கிறேன்: நீங்கள் எதுவும் செய்துவிடவில்லை. தடுப்பூசியும் இதற்குக் காரணமில்லை.

எங்கள் குழுவில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி இல்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு குட்டிப் பெண் இருக்கிறாள். 21-ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருப்பதால் வருவது அது. ஜெரோம் லெஜூன் என்ற மருத்துவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1959-இல் அதை அறிவித்தார்கள். உலக டவுன் சிண்ட்ரோம் நாள் மூன்றாம் மாதம் 21-ஆம் தேதி வருவதும் அதனால்தான். இந்தப் பிள்ளைகளுக்குத் தசைகள் தளர்வாக இருக்கும். உட்காரவும் நடக்கவும் பேசவும் தாமதமாகும். கிட்டத்தட்ட பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஏதாவது ஒரு பிரச்சினை இருக்கும். அவளுக்கும் இருந்தது, அறுவை சிகிச்சை முடிந்து இப்போது ஓடி விளையாடுகிறாள். இவர்களுக்கென்று தனி வளர்ச்சி அட்டவணை இருக்கிறது என்று தெரிந்த அன்று அவள் அம்மா பட்ட நிம்மதியைப் பார்த்திருக்கிறேன். அதுவரை ஒவ்வொரு மாதமும் வேறு யாரோ ஒரு பிள்ளையின் கோட்டுக்குக் கீழே தன் பெண்ணின் புள்ளியை வைத்துப் பார்த்துப் பார்த்துக் குமைந்துகொண்டிருந்தார்.

செரிப்ரல் பால்சி, அதாவது மூளைப் பாதிப்பால் உடல் அசைவு சிரமமாகிற நிலை உள்ள ஒரு பையனும் உண்டு. மூளையில் ஏற்பட்ட பாதிப்பு நாளுக்கு நாள் கூடுவதில்லை. ஆனால் எலும்பு வளரும் வேகத்துக்கு இறுகிய தசை நீள்வதில்லை. அதனால் பிள்ளை உயரம் கூடுகிறான் என்று சந்தோஷப்படும்போதே, கால் மடங்கி இறுகிப்போகுமோ என்ற கவலையும் கூட வரும். அவன் அப்பா தினமும் இரவில் அவன் கால்களை நீட்டி மடக்கிவிடுவார். அந்த நேரத்தில் ஒரு தொடர்கதை ஓடும். வலிக்கிற இடம் வந்தால் கதையில் சண்டைக் காட்சி. பையனுக்குப் படு கூர்மையான மூளை. வார்த்தைதான் மெதுவாக, இழுத்து இழுத்து வரும். ஆனால் வருகிறவர்கள் எல்லாரும் அவன் தலைக்கு மேலாக அப்பாவிடமே கேட்பார்கள்: 'பையன் சாப்பிட்டானா? பையனுக்குப் படம் பிடிக்குமா?' ஒரு தடவை அவனே நிதானமாகச் சொன்னான்: 'மாமா, எனக்குக் காது நல்லாக் கேட்கும்.' சொல்லி முடிக்க அரை நிமிடம் ஆகியிருக்கும். அரை நிமிடமும் அந்த மாமா நின்று கேட்டார், அதைச் சொல்ல வேண்டும்.

கடைத்தெருவில் பிள்ளை தரையில் விழுந்து அலறுவதைப் பார்த்திருப்பீர்கள். எல்லாம் அடம் இல்லை. அடம் பிடிக்கிற பிள்ளை, அம்மா பார்க்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்க்கும். கேட்டது கிடைத்ததும் நிற்கும். சத்தமும் கூட்டமும் தாங்காமல் உடைந்துபோகிற பிள்ளைக்கு யார் பார்க்கிறார்கள் என்பதே தெரியாது. எதைக் கொடுத்தாலும் உடனே நிற்காது. அப்போது உபதேசம் வேண்டாம், சாக்லேட் வேண்டாம். கொஞ்சம் விலகி இடம் விடுங்கள், முடிந்தால் அக்கம்பக்கத்துச் சத்தத்தைக் குறைக்க உதவுங்கள். அது அடங்க நேரம் எடுக்கும். எடுக்கட்டும்.

இப்போது என் மகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அண்ணனுக்கு இத்தனை நேரம் போனால், அது யாரிடமிருந்து எடுத்த நேரம்? அவளிடமிருந்துதான். ஏழு வயதில் ஒரு நாள் வந்து, 'அம்மா, எனக்கும் ஒரு தெரபி வேணும்' என்றாள். 'எதுக்குடா கண்ணு?' என்று கேட்டேன். 'தெரபின்னா நீயும் அண்ணனும் மட்டும் தனியாப் போவீங்கல்ல, அந்த மாதிரி' என்றாள். அன்றிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் அவளுடைய தெரபி. அண்ணனைப் பற்றிப் பேசக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். பெரும்பாலும் அவளே பேச்சை எடுத்துவிடுவாள், அது வேறு.

இரவைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்குத் தூக்கம் சரியாக வராது. நாங்கள் முறை வைத்து விழித்திருந்த வருடங்கள் உண்டு. அந்த நேரத்தில் வருவதுதான் 'நமக்குப் பிறகு இவனுக்கு யார்' என்ற கேள்வி. பகலில் அது வந்தால் ஏதாவது வேலை இருக்கும், துரத்திவிடலாம். இரவு இரண்டு மணிக்கு முடியாது. அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. தங்கை பார்த்துக்கொள்வாள் என்று அவள் தலையில் கட்ட எனக்கு விருப்பமில்லை. எனவே அந்தப் பெரிய கேள்வியைத் துண்டு துண்டாக்கிக்கொள்கிறோம்: தன் துணியைத் தானே மடிப்பது, பூட்டைத் திறப்பது, வலித்தால் எங்கே வலிக்கிறது என்று சொல்வது, யாராவது தப்பாகத் தொட்டால் 'வேண்டாம்' என்று உரக்கச் சொல்வது. கடைசியாகச் சொன்னதில் எனக்குச் சமரசமே இல்லை.

இந்த வருடப் பாடம் முகச்சவரம். அரும்பு மீசை வந்துவிட்டது. டிரிம்மரின் 'ஙொய்' சத்தம் அவனுக்கு ஆகாது. சட்டைக்குச் செய்த மாதிரி கடைசிப் படியிலிருந்து தொடங்கவும் வழியில்லை, கடைசிப் படி முகம் துடைப்பது. அதில் அவன் ஏற்கெனவே கெட்டி. எனவே அப்பாவும் மகனும் கண்ணாடி முன் நின்று, டிரிம்மரை ஆன் பண்ணாமலே கன்னத்தில் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். போன வாரம் அவனே பொத்தானைத் தட்டி ஆன் பண்ணினான், உடனே அணைத்தான், அப்பா கையில் கொடுத்துவிட்டு லிஃப்ட் அறிவிப்பைச் சொன்னான். என் கணவர் மறு பேச்சில்லாமல் டிரிம்மரை அலமாரியில் வைத்து மூடினார். இந்த வாரம் மறுபடி எடுப்போம்.

நன்றி. வணக்கம்.