பீர் பழசாகுறது எங்க வச்சிருக்கோம்ங்கிறதுல இருக்கு

வணக்கம்ங்க. க்ராஃப்ட் பீர், அதாவது சின்னச் சின்ன ஆலைகள்ல காய்ச்சுற பீர் பத்தி கொஞ்ச நேரம் பேசச் சொல்லி கூப்ட்டிருக்காங்க. யாரையும் குடிக்கச் சொல்லி இழுக்க நான் வரல, குடிக்காதவங்க பாட்டுக்கு நிம்மதியா இருங்க. குடிக்கிறவங்ககிட்ட மட்டும் ஒரு விஷயம், வாங்குறது புதுசா பழசான்னு பாக்காமலே வாங்கிட்டு வந்து வாயில வச்சிட்டு, "இந்த பீர் நல்லால்ல"ன்னு காய்ச்சினவன் தலையில பழியப் போட்டுடுறோம்.

நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு தடவ ஒரே நாள்ல பேக் பண்ண ஐபிஏ கேன் ரெண்டு வாங்கினேன் (ஐபிஏன்னா ஹாப்ஸ்ங்கிற பூவோட வாசமும் கசப்பும் தூக்கலா இருக்கிற பீர் வகை), ஒண்ணு ஃபிரிட்ஜுக்குப் போச்சு, இன்னொண்ணு அலமாரி மேல வச்சது அப்படியே மறந்து போச்சு. ரெண்டு மாசம் கழிச்சு கண்ணுல பட்டுச்சு, சரி பாக்கலாமேன்னு அதையும் நல்லா குளிர வச்சு ரெண்டையும் ரெண்டு கிளாஸ்ல ஊத்தினேன். ஃபிரிட்ஜுல இருந்தது, கிளாஸ தூக்குறதுக்குள்ளயே ஆரஞ்சுத் தோலக் கிள்ளின மாதிரி வாசம் வருது. மத்தது கலரே ஒரு ஷேடு கறுத்திருக்கு, வாசம்னு சொல்ல ஒண்ணும் இல்ல, வாயில வச்சா முதல்ல டாஃபி மாதிரி ஒரு இனிப்பு, முழுங்கினப்புறம் நனஞ்ச அட்டைப்பெட்டிய மென்ன மாதிரி ஒரு சப்புன்னு ருசி, கசப்பு மட்டும் போகாம தொண்டையிலயே நிக்குது. ரெண்டும் ஒரே தொட்டியில இருந்து வந்ததுன்னா நம்பவே முடியல.

அந்த அட்டை ருசிக்கு டிரான்ஸ்-2-நோனெனல்னு பேரு. பேரு வாயில நுழையாது, ஆனா ஒரு லிட்டர்ல 0.1 மைக்ரோகிராம் இருந்தாலே நாக்கு புடிச்சிடும்னு சொல்றாங்க. எல்லாம் ஆக்ஸிஜன் பண்ற வேலைதான். பேக் பண்றப்ப உள்ள மாட்டிக்கிற துளி காத்தே போதும், பாட்டில்னா மூடி வழியாவும் கொஞ்சம் கொஞ்சமா உள்ள வரும். அந்த மூடிக்கு அடியில ஒட்டியிருக்கிற ரப்பர் மாதிரி லைனர் இருக்குல்ல, அது ஹாப்ஸ் வாசத்த தானே கொஞ்சம் உறிஞ்சிக்கும்ங்கிறது தனிக் கதை.

இதுல சூடுதான் பெரிய வில்லன். பீர் காய்ச்சுறவங்க 3, 30, 300ன்னு ஒரு கணக்கு சொல்வாங்க, 32 டிகிரி சூட்டுல 3 நாள் இருந்தா எவ்வளவு கெடுமோ, 22 டிகிரில 30 நாள்ல அவ்வளவு கெடும், 3 டிகிரி குளிர்ல அதுக்கே 300 நாள் ஆகும். குத்துமதிப்பான கணக்குதான், ஆனா என் அலமாரிக் கேனுக்கு அச்சு அசலா பொருந்துது பாருங்க. அதனால போன வாரம் பேக் பண்ணதுன்னு சொல்லி வெயில் அடிக்கிற குடோன்ல கிடந்தத விட, மூணு மாசமா குளிர்லயே இருந்தத நான் கண்ண மூடிட்டு எடுப்பேன்.

வெளிச்சமும் ஆகாது. ஹாப்ஸோட கசப்பும் பீர்ல இருக்கிற ரைபோஃப்ளேவின்ங்கிற வைட்டமினும் வெளிச்சத்துல சேந்தா கந்தக வாடை ஒண்ணு கிளம்பும், ஸ்கங்க்குன்னு பயந்தா நாத்தத்த பீச்சுற பிராணி ஒண்ணு இருக்கே, அதே வாடை. பிரவுன் பாட்டில் நல்லாவே தடுக்கும், பச்சை பாட்டில் பேருக்குத்தான், நிறமே இல்லாத கண்ணாடி பாட்டில வெயில்ல வச்சா சில நிமிஷத்துலயே வேலை முடிஞ்சுது. கேன்ல இந்தத் தொல்லை இல்ல, கேன்னா மட்டம்னு நெனைக்கிறவங்க இத கொஞ்சம் யோசிங்க.

அப்ப எல்லா பீரும் புதுசாத்தான் இருக்கணுமான்னா, இல்ல. இம்பீரியல் ஸ்டவுட், பார்லிவைன் மாதிரி ஆல்கஹால் தூக்கலா இருக்கிற பீரெல்லாம் வருஷக்கணக்குல தாங்கும், ஆக்ஸிஜன் பட்டு வர்ற அந்த ஷெர்ரி ஒயின் மாதிரி வாசம் அதுக்கு அழகாக்கூட இருக்கும். பெல்ஜியத்து ஓர்வால்ங்கிற பீர்ல பிரெட்டனோமைசஸ்னு ஒரு ஈஸ்ட் பாட்டிலுக்குள்ளயே உயிரோட இருந்து மாசாமாசம் ருசிய மாத்திக்கிட்டே போகும். ஆனா ஹாப்ஸ் வாசத்துக்காகவே காய்ச்சின ஐபிஏவ சேத்து வைக்கிறதுல அர்த்தமே இல்ல, ப்ளினி தி எல்டர்னு பேர் போன ஒரு பீர் இருக்கு, அதோட லேபிள்லயே இத வச்சிருந்து குடிக்காதீங்கன்னு திரும்பத் திரும்ப போட்டிருக்கும்.

வாங்குறப்ப கேனோட அடியத் திருப்பிப் பாருங்க. எக்ஸ்பைரி தேதி பெருசா உதவாது, பேக் பண்ண தேதியத் தேடுங்க. சில பேரு தேதியா போடாம வருஷத்துல எத்தனாவது நாள்னு போடுவாங்க, 045ன்னு இருந்தா பிப்ரவரி 14. ஐபிஏன்னா ரெண்டு மூணு மாசம் தாண்டினத நான் தொடுறதில்ல. தேதியே இல்லாம, ஷெல்ஃபுல தூசியோட, லைட்டுக்கு நேரா நிக்குதா, நின்னுட்டுப் போகட்டும்.

ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையக் காட்டுறாங்க, நேரம் ஆயிடுச்சு போல. வரேங்க.