கேட்டால்தான் கிடைக்கும்

(மாற்றுத்திறனாளி மாணவர்களின் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்குமான கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

தலைமையாசிரியர்கள், சிறப்பாசிரியர்கள், பெற்றோர் என்று பலரும் வந்திருக்கிறீர்கள். கடைசி வரிசையில் மாணவர்களும் சிலர் தெரிகிறார்கள். பேச்சு முழுக்க அவர்களைப் பற்றித்தான். அப்படியிருக்க அவர்களைக் கடைசியில் உட்காரவைத்தது யார் ஏற்பாடோ தெரியவில்லை.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். பள்ளியில் இருக்கும்வரை ஒரு மாற்றுத்திறனாளி மாணவருக்கு உதவி பெரும்பாலும் தேடி வருகிறது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், பெரிய எழுத்தில் வினாத்தாள் என்று எதுவாக இருந்தாலும் ஓர் ஆசிரியர் யோசிக்கிறார், ஒரு பெற்றோர் கையெழுத்துப் போடுகிறார், காரியம் நடந்துவிடுகிறது. மாணவர் வாய் திறக்க வேண்டிய அவசியமே வருவதில்லை. பள்ளி முடிந்த மறுநாளிலிருந்து நிலைமை தலைகீழ். கல்லூரியிலும் அலுவலகத்திலும் உரிமை இருக்கலாம், சட்டம் இருக்கலாம். ஆனாலும் "எனக்கு இது வேண்டும்" என்று உரியவர் போய்ச் சொன்னால்தான் கோப்பு நகரும்.

அமெரிக்கச் சட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் இது பளிச்சென்று தெரியும். மாற்றுத்திறனாளிகளின் கல்வி குறித்த அந்நாட்டுச் சட்டம் 1975-இல் வந்தது. குறைபாடுள்ள குழந்தைகளைக் கண்டறிவதும், ஒவ்வொருவருக்கும் தனிக் கல்வித் திட்டம் எழுதுவதும் அரசின் பொறுப்பு என்று அது சொன்னது. 1990-இல் அதில் ஒரு புதிய கடமை சேர்ந்தது: பள்ளிக்குப் பிந்தைய வாழ்க்கைக்கும் மாணவரைத் தயார்செய்ய வேண்டும். இன்றைய விதிப்படி, மாணவருக்கு 16 வயது ஆகும்போது அந்தத் தயாரிப்பு அவருடைய திட்டத்தில் இடம்பெற்றிருக்க வேண்டும். அதைப் பேசும் கூட்டத்துக்கு மாணவரையும் அழைத்தாக வேண்டும். ஆனால் அவர் வழக்கமான பள்ளிச் சான்றிதழ் வாங்கியதும், அல்லது 21 வயதை ஒட்டிய வரம்பைத் தொட்டதும், அந்தச் சட்டத்தின் காவல் முடிந்துவிடுகிறது. கல்லூரியில் நுழைந்தால் பாகுபாட்டுத் தடைச் சட்டங்கள்தான் துணை. அங்கே யாரும் அவரைத் தேடிவந்து கண்டறிய மாட்டார்கள். அவரே தம் குறைபாட்டைத் தெரிவித்து, சான்று காட்டி, வசதி கேட்க வேண்டும். இங்கிலாந்தில் 2014-ஆம் ஆண்டுச் சட்டம் தனிநபர் திட்டத்தைத் தேவைப்பட்டால் 25 வயது வரை நீட்டிக்க இடம் தருகிறது. நல்ல ஏற்பாடுதான். இருந்தாலும் 25-க்குப் பிறகு 26 வரத்தானே செய்யும்?

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். நாமோ பிள்ளையை அழவே விடாமல் பதினெட்டு ஆண்டுகள் வளர்க்கிறோம். பிறகு திடீரென்று, அழத் தெரிந்தவருக்கு மட்டுமே பால் தரும் ஓர் உலகத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறோம்.

எட் ராபர்ட்ஸ் என்ற அமெரிக்கரின் கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். 14 வயதில் போலியோ தாக்கி, கழுத்துக்குக் கீழே ஏறக்குறைய எல்லாம் செயலிழந்தது. மூச்சுவிடவே இயந்திரத்தின் துணை தேவைப்பட்டது. தொலைபேசி வழியாகவே பெரும்பாலும் உயர்நிலைப் பள்ளிப் பாடங்களைப் படித்தார். படிப்பெல்லாம் முடிந்தபின் பள்ளி அவருக்குச் சான்றிதழ் தர மறுத்தது. என்ன காரணம் தெரியுமா? உடற்கல்வி வகுப்பையும் கார் ஓட்டும் பயிற்சியையும் முடிக்கவில்லையாம்! அவருடைய தாய் அதிகாரிகளிடம் மோதித்தான் சான்றிதழை வாங்கினார். அடுத்து, கலிபோர்னியா மாநில மறுவாழ்வுத் துறை, வேலைக்குப் போக முடியாத அளவுக்கு இவருக்குக் குறைபாடு அதிகம் என்று சொல்லிக் கல்லூரிச் செலவுக்கு உதவ மறுத்தது. அதையும் எதிர்த்து நின்று 1962-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1972-இல் அங்கே சுதந்திர வாழ்வு மையம் உருவானதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. மாற்றுத்திறனாளிகளே நடத்தும் மையம் அது. எழுபதுகளின் நடுவில், அவரை உதவாக்கரை என்று ஒதுக்கிய அதே மறுவாழ்வுத் துறைக்கு அவரே இயக்குநரானார்.

இதைச் சாதனைக் கதையாகச் சொல்லிக் கைதட்டல் வாங்க எனக்கு விருப்பமில்லை. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பள்ளியில் முதல் சண்டையைப் போட்டவர் தாய். பிறகு வந்த சண்டைகளில் மகன் தாமே முன்னால் நின்றார். அந்தக் கைமாற்றம் எங்கேயோ நடந்திருக்கிறது. நம் பள்ளிகளில் விட்டுப்போவது அதுதான்.

எப்படி விட்டுப்போகிறது என்பதற்கு நான் நேரில் பார்த்த ஒரு நேர்முகத் தேர்வைச் சொல்கிறேன். மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பெண். கணக்குப்பதிவில் நல்ல கெட்டி. பேச்சு மெதுவாக, இழுத்து இழுத்துத்தான் வரும். தேர்வாளர் முதல் கேள்வியை அப்பாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "என்ன படித்திருக்கிறாள்?" அப்பாவுக்குப் பதில் நாக்கு நுனியில் இருக்கிறது, பதினெட்டு வருடப் பழக்கம். ஆனால் அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார். அறையில் சங்கடமான அமைதி. தேர்வாளர் வேறு வழியில்லாமல் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். அவள் முதல் வாக்கியத்தை முடிக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. என்ன சொன்னாள் என்கிறீர்களா? "நான் மெதுவாகப் பேசுவேன், கணக்கில் வேகம். பதிலுக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்." அது அவளுக்கு அன்று காலையில் தோன்றிய வாக்கியம் இல்லை. ஒன்பதாம் வகுப்பிலிருந்து அவளுடைய ஆசிரியை அதைச் சொல்லவைத்துப் பழக்கியிருந்தார். நூலகத்தில் சொன்னாள், பஸ்ஸில் சொன்னாள், மருத்துவரிடம் சொன்னாள். அப்பாவும் வாயை மூடிக்கொண்டிருக்கப் பழகியிருந்தார். இரண்டில் எது கடினம் என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

சரி, வாய்ப்பேச்சே வராத பிள்ளைகள் என்ன செய்வார்கள்? அறிவுசார் குறைபாடு அதிகமாக உள்ளவர்கள்? நியாயமான கேள்வி. கேட்பது என்றால் வாயால்தான் கேட்க வேண்டும் என்று யார் சொன்னது? படத்தைச் சுட்டிக்காட்டலாம், அட்டையை நீட்டலாம், தலையாட்டி மறுக்கலாம். இரண்டு சட்டைகளை முன்னால் வைத்து எது வேண்டும் என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருங்கள். நாம் காத்திருப்பதில்லை, அங்கேதான் தொல்லை. நேரமாகிறது என்று நீலச் சட்டையை மாட்டிவிட்டுவிடுகிறோம். சட்டையைத் தேர்ந்தெடுக்க விடாத பிள்ளையிடம் ஒருநாள் திடீரென்று வேலையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் திருதிருவென்று விழிக்காமல் என்ன செய்யும்?

தனியாக பஸ்ஸில் போகப் பழக்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பயிற்சியாளர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போகிறார். சில நாள் கழித்துப் பின்னிருக்கைக்கு மாறுகிறார். பிறகு பஸ்ஸின் மறுகோடிக்கு. பிறகு ஏற்றிவிட்டு, இறங்குமிடத்தில் போய்க் காத்திருக்கிறார். இவ்வளவும் எல்லோருக்கும் தெரிந்தது. பலர் விடும் பாடம் ஒன்று உண்டு. ஒருநாள் வேண்டுமென்றே நிறுத்தத்தைத் தவறவிட வேண்டும். அடுத்த நிறுத்தத்தில் இறங்குவது, யாரிடம் வழி கேட்பது, வீட்டுக்குத் தொலைபேசியில் என்ன சொல்வது என்று கூடவே இருந்து பழக்க வேண்டும். ஒழுங்காகப் போய்வந்த பயணங்களை மட்டுமே பழகியவர் முதல் தடுமாற்றத்திலேயே வீட்டுக்குள் முடங்கிவிடுவார். குடும்பமும் "இனி வேண்டாம்" என்று கதவைச் சாத்திவிடும்.

வேலைக்கு வருகிறேன். மெழுகுவர்த்தியும் காகிதப் பையும் செய்யக் கற்றுக்கொடுப்பதோடு தொழிற்பயிற்சி முடிந்துவிட்டதாக நினைக்கும் நிறுவனங்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. பிள்ளைக்கு அதில் ஆசை இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. விற்பனை நாளில் அனுதாபத்துக்காக வாங்கிப் போகிறார்கள், அவ்வளவுதான். மார்க் கோல்ட் என்ற கல்வியாளர் 1970-களிலேயே, தீவிர அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குச் சைக்கிள் பிரேக்கைப் பாகம் பாகமாகப் பூட்டக் கற்றுக்கொடுத்துக் காட்டினார். வேலையைச் சிறு படிகளாகப் பிரித்தார். பேச்சைக் குறைத்துச் செய்கையால் காட்டினார். ஒரு வழியில் வரவில்லையென்றால் கற்பிக்கும் வழியை மாற்றினார். கற்காததற்கு மாணவர்மீது பழி போடவில்லை.

உண்மையான வேலை உண்மையான இடத்தில்தான் கற்க முடியும். 1996-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் தொடங்கிய ‘புராஜெக்ட் சர்ச்’ திட்டம் இந்த எண்ணத்தில் பிறந்ததுதான். பள்ளியின் கடைசி ஆண்டை மாணவர்கள் வகுப்பறைக்குப் பதில் வேலையிடத்திலேயே கழிக்கிறார்கள். ஒரே ஆண்டில் வெவ்வேறு பிரிவுகளில் மாறிமாறிப் பயிற்சி பெறுகிறார்கள். இந்தப் பிரிவு பிடித்தது, அந்தப் பிரிவின் சத்தம் தாங்கவில்லை என்று சொல்ல அவர்களுக்கு வழி கிடைக்கிறது. பிடிக்காததைக் கண்டுகொள்வதும் படிப்புதான். பள்ளி நாட்களிலேயே சம்பளத்துக்கு வேலை பார்த்த அனுபவம் பிற்கால வேலைவாய்ப்புக்குக் கைகொடுக்கிறது என்று ஆய்வுகள் தொடர்ந்து காட்டிவருகின்றன. கோடை விடுமுறையில் சில வாரங்கள் போதும், தொடங்கிவையுங்கள்.

அடுத்தது மருத்துவம், சுருக்கமாகச் சொல்கிறேன். தான் சாப்பிடும் மாத்திரையின் பெயர், எதற்கு, எத்தனை வேளை, வலிப்பு வந்தால் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் – இவை அம்மாவின் தலைக்குள் மட்டும் இருக்கக் கூடாது. பிள்ளையின் கைப்பையில் ஓர் அட்டையிலாவது இருக்கட்டும்.

பதினெட்டு வயதாகும்போது பெற்றோர் பலர் ஓடுவது பாதுகாவலர் உரிமைக்காக. சொத்து, வங்கிக் கணக்கு, சிகிச்சை எல்லாவற்றுக்கும் எங்கள் கையெழுத்தே செல்ல வேண்டும் என்கிறார்கள். பயம் புரிகிறது. ஆனால் கையெழுத்திடும் முன் ஒன்றை யோசியுங்கள். 2006-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, சட்டத்தின் முன் மாற்றுத்திறனாளிகளுக்கு மற்றவர்களுக்குச் சமமான தகுதி உண்டு என்கிறது. அதைப் பயன்படுத்தத் தேவையான துணையை அரசு தர வேண்டும் என்றும் சொல்கிறது. அதாவது முடிவை மாற்றுத்திறனாளியே எடுக்கிறார், புரியவைப்பதற்கு நம்பிக்கையானவர்கள் சிலர் கூட இருக்கிறார்கள். முழுப் பாதுகாவலர் உரிமையை எளிதில் வாங்கிவிடலாம், திரும்பக் கொடுப்பது பெரும்பாடு. ஆகவே பிள்ளை எந்த முடிவைத் தனியாக எடுப்பார், எதற்கு விளக்கம் போதும், எதற்கு ஆள் வேண்டும் என்று முதலில் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பட்டியல் நீங்கள் நினைத்ததைவிட வேறாக இருக்கும்.

"எங்களுக்குப் பிறகு யார்?" இந்தக் கேள்வி கேட்காத பெற்றோரை நான் பார்த்ததில்லை. பதிலாக ஒரே ஒரு பெயரைச் சொல்ல முடிந்தால், பெரும்பாலும் அது அக்காவோ தம்பியோதான், அது ஆபத்து. அவர்களையும் கேட்டுத்தான் எழுதினீர்களா? அண்டைவீட்டுக்காரர், கூட வேலை செய்பவர், பழைய ஆசிரியர், பஸ்ஸில் தினமும் பார்க்கும் நடத்துனர் என்று பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆட்கள் பத்துப் பேராவது வேண்டும். அவர்களை நாம் சேர்த்துவைக்க முடியாது. பிள்ளை வெளியே போய்வந்தால்தான் சேர்வார்கள்.

இனிக் கேள்வி நேரம். முதல் மூன்று கேள்விகள் கடைசி வரிசையிலிருந்து வரட்டும். பெற்றோர் தயவுசெய்து எடுத்துக்கொடுக்க வேண்டாம். நேரம் இருக்கிறது, காத்திருப்போம்.