இரண்டாவது அழைப்பு

அன்பானவர்களே, லூக்கா 14ஆம் அதிகாரத்தில், பந்தியில் உட்கார்ந்திருந்த ஒருவர் சொன்ன வாக்கியத்திலிருந்து தொடங்குகிறேன். அன்று ஓய்வுநாள். பரிசேயரில் தலைவனான ஒருவனுடைய வீட்டில் இயேசு சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். அப்போது ஒருவர், "தேவனுடைய ராஜ்யத்தில் போஜனம்பண்ணுகிறவன் பாக்கியவான்" என்கிறார். நாம் அங்கே இருந்திருந்தால் உடனே ஆமென் என்றிருப்போம். இயேசு ஆமென் சொல்லவில்லை. ஒரு கதை சொன்னார்.

ஒரு மனுஷன் பெரிய விருந்து ஒன்றை ஆயத்தம்பண்ணி, அநேகரை அழைத்தான். விருந்து வேளை வந்ததும், "எல்லாம் ஆயத்தமாயிருக்கிறது, வாருங்கள்" என்று சொல்லும்படி ஊழியக்காரனை அனுப்பினான். அவசரமாக வாசித்தால் இங்கே ஒன்றைத் தவறவிட்டுவிடுவோம். அழைப்பு இரண்டு முறை வருகிறது. அந்தக் காலத்து வழக்கம் அது. முன்னதாகவே சொல்லிவைப்பார்கள், சமையல் முடிந்ததும் ஆள் வந்து கூப்பிடும். எஸ்தரின் புத்தகத்தில் ராஜாவின் மந்திரியான ஆமானுக்கும் அப்படித்தான் நடக்கிறது. முந்தின நாளே அழைப்பு வந்துவிட்டது. மறுநாள் ராஜாவின் பிரதானிகள் வந்து அவனைத் துரிதப்படுத்துகிறார்கள்.

இந்தக் கதையில் ஊழியக்காரன் வந்து கூப்பிட்டபோது மூன்று பேர் வரமுடியாது என்று போக்குச் சொல்கிறார்கள். அப்படியானால், அந்த மூன்று பேரும் முதல் அழைப்புக்குத் தலையாட்டியவர்களாகத்தான் இருக்கவேண்டும். எனக்கு இந்த இடம் ஒவ்வொரு முறையும் சுருக்கென்று குத்துகிறது. நாமும் தலையாட்டியவர்கள்தானே? ஞானஸ்நானம் எடுத்தோம், சபையார் முன்னால் விசுவாச அறிக்கை சொன்னோம். அது முதல் அழைப்புக்குச் சொன்ன சரி. இரண்டாவது அழைப்பு ஆராதனை நேரத்தில்தான் வரும் என்றில்லை. வேலை நடுவில் வரும். 'அவரிடம் போய் மன்னிப்புக் கேள்' என்று வரும். 'அந்தப் பொய்க்கணக்கைத் திருத்து' என்று வரும்.

அவர்கள் சொன்ன காரணங்களைப் பாருங்கள். ஒருவன் வயல் வாங்கினான். இன்னொருவன் ஐந்தேர் மாடு, அதாவது பத்து மாடுகள் வாங்கினான். மூன்றாமவன் கல்யாணம் செய்துகொண்டான். இவற்றில் எது பாவம்? ஒன்றுமில்லை. கல்யாணம் செய்தவனுக்குக் கையில் வசனம்கூட இருந்தது. புதிதாகப் பெண்ணை விவாகம்பண்ணினவன் ஒரு வருஷம் யுத்தத்துக்குப் போகவேண்டாம் என்று உபாகமம் 24இல் இருக்கிறது. ஆனால் அவனை யாரும் யுத்தத்துக்குக் கூப்பிடவில்லை, சாப்பிடத்தான் கூப்பிட்டார்கள். மற்ற இருவரும் "என்னை மன்னிக்கும்படி வேண்டிக்கொள்ளுகிறேன்" என்றாவது சொன்னார்கள். இவன் அதையும் சொல்லவில்லை. நல்ல காரியங்களே நம் கதவை உள்ளேயிருந்து பூட்டிவிடும், வசனத்தையே தாழ்ப்பாளாகப் போட்டு.

அப்புறம் ஒரு சந்தேகம் வரும். கீழ்ப்படிதலைப் பற்றி இவ்வளவு பேசினால் கிருபை எங்கே? கதையிலேயே பதில் இருக்கிறது. விருந்து ஏற்கெனவே தயார். வருகிறவன் அடுப்புப் பற்றவைக்க வேண்டியதில்லை, செலவுக்குப் பங்கு தரவேண்டியதில்லை. எழுந்து வரவேண்டும், அவ்வளவுதான். ஆனால் எழுந்திருக்கத்தான் வேண்டும்.

அப்படி எழுந்த ஒருவரைச் சற்று அருகே போய்ப் பார்ப்போம். லூக்கா 5. கெனேசரேத்துக் கடலருகே சீமோன் பேதுருவும் கூட்டாளிகளும் வலைகளை அலசிக்கொண்டிருக்கிறார்கள். இரவு முழுக்கக் கண்விழித்த களைப்பு. மீன் ஒன்றும் இல்லை. ஆனாலும் வலையை அலசாமல் போடமுடியாது. பாசியும் சேறும் போகவேண்டும். அந்த வேலைக்கு நடுவில் ஆழத்திலே தள்ளிக்கொண்டுபோய் வலைகளைப் போடச் சொல்கிறார் ஆண்டவர். போட்டால் அத்தனை வலையையும் திரும்ப அலசவேண்டும். பேதுரு தன் நிலைமையை மறைக்கவில்லை. "இராமுழுதும் நாங்கள் பிரயாசப்பட்டும் ஒன்றும் அகப்படவில்லை" என்கிறார். அது உண்மை. அதற்கடுத்த சொல்தான் எனக்கு உயிர்: "ஆகிலும்." "ஆகிலும் உம்முடைய வார்த்தையின்படியே வலையைப் போடுகிறேன்." மீன் கிடைக்கும் என்று நம்புவதாக அவர் சொல்லவே இல்லை. சொன்னவரை நம்பினார். விசுவாசமும் கீழ்ப்படிதலும் அந்த ஒரு சொல்லுக்குள் சேர்ந்தே இருக்கின்றன. எது எங்கே முடிகிறது என்று என்னால் பிரித்துக்காட்ட முடியவில்லை.

என் அண்ணனோடு நான் சில வருஷங்கள் பேசாமல் இருந்தேன். தப்பு இரண்டு பக்கமும் இருந்தது. பேசு என்று உள்ளே சொல்லிக்கொண்டே இருந்தது. அதற்காக ஜெபித்துக்கொண்டும் இருந்தேன். இப்போது யோசித்தால், அந்த ஜெபமே என் ஐந்தேர் மாடாக இருந்திருக்கிறது. ஒருநாள் போனை எடுத்தேன். மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். திரும்ப எடுத்தேன். என்ன பேசவேண்டும் என்று ஒரு வார்த்தைகூடத் தயாராக இல்லை. அண்ணன் எடுத்து, "சாப்பிட்டியா?" என்றார். அவ்வளவு காலம் நான் பயந்தது இந்தக் கேள்விக்குத்தான்.

மறுபடி அந்த விருந்து வீட்டுக்கு வருவோம். அழைக்கப்பட்டவர்கள் வராததால், ஏழைகளையும் ஊனரையும் சப்பாணிகளையும் குருடரையும் கூட்டிக்கொண்டுவரச் சொன்னான் எஜமான். அந்தக் குருடர் எப்படி வந்திருப்பார்? அவரால் வீட்டைப் பார்க்கமுடியாது, விளக்கைப் பார்க்கமுடியாது, விருந்து என்பது நிஜம்தானா என்றுகூடப் பார்க்கமுடியாது. தெருவில் ஒரு குரல், "வாருங்கள்" என்றது. நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முதல் அடியை எடுத்துவைத்தபோது அவரிடம் இருந்தது அந்தக் கை மட்டும்தான்.