அழாத பிள்ளைக்கும் பால்

(மதுரையில் கல்லூரி ஆசிரியர்களுக்கு நடந்த இரண்டு நாள் பயிலரங்கின் தொடக்கத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் முதல்வர் அம்மா அவர்களுக்கும், கல்லூரிச் செயலர் ஐயா அவர்களுக்கும், நாகமலை புதுக்கோட்டையிலிருந்து பல்கலைக்கழகத்தின் சார்பில் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும், கல்லூரியின் உள் தர உறுதிக் குழுவான ஐ.க்யூ.ஏ.சி.யின் ஒருங்கிணைப்பாளர் அவர்களுக்கும், அரசுக் கல்லூரிகளிலிருந்தும் உதவி பெறும் கல்லூரிகளிலிருந்தும் வந்திருக்கும் ஆசிரியர்களுக்கும் என் பணிவான வணக்கம். சுயநிதிப் பிரிவு ஆசிரியர்களையும் கௌரவ விரிவுரையாளர்களையும் தனியாகச் சொல்லி வணங்குகிறேன். அழைப்பிதழில் ‘அனைத்து ஆசிரியர்களும்’ என்று அச்சடித்ததோடு விட்டுவிடாமல், இவர்களுடைய வகுப்புக்கு மாற்று ஏற்பாடு செய்து அனுப்பி வையுங்கள் என்று ஒவ்வொரு கல்லூரிக்கும் தானே போன் போட்டுப் பேசியவர் முதல்வர் அம்மா. அதற்கு இந்த மேடையில் நன்றி சொல்லாமல் போனால் தப்பு. ஒரு வேலை நாளை முழுசாக விட்டுக்கொடுத்த செயலர் ஐயாவுக்கும் நன்றி. காலை ஏழு மணிக்கே வந்து நாற்காலி போட்ட அலுவலக உதவியாளர்களுக்கும் மைக் தம்பிக்கும் என் வணக்கம்.

மூன்று விஷயம் பேச வந்திருக்கிறேன். வகுப்பில் நம் கண் யார் மேல் விழுகிறது என்பது ஒன்று. கல்லூரிக்குள்ளேயே நாம் போடுகிற 25 மதிப்பெண், அந்த இன்டர்னலை எப்படிப் போடுகிறோம் என்பது இரண்டாவது. முதல் மணி நேரத்துக்குப் பஸ் கிடைக்காமல் தாமதமாக வரும் பிள்ளையை என்ன செய்கிறோம் என்பது மூன்றாவது. எதையும் தனியாக உட்கார்ந்து யோசித்துத் திருத்திக்கொள்ள முடியாது, பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து பார்த்துச் சொன்னால்தான் நமக்கே தெரியும் என்பது என் கட்சி.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று நம் வீடுகளில் சொல்வோம். வாயைத் திறந்து கேட்டு வாங்கிக்கொள் என்று பிள்ளைக்குப் புத்தி சொல்வதற்கு அது நல்ல பழமொழிதான். ஆனால் பால் சொம்பைக் கையில் வைத்திருப்பவர் அதைச் சொல்லலாமா? முப்பத்தோரு வருஷம் வேதியியல் நடத்தினேன். அதில் முதல் இருபது வருஷம், “டவுட் இருந்தா கேளுங்கப்பா” என்று சொல்வேன், கேட்டவர்களுக்குப் பதில் சொல்வேன், கேட்காதவர்களுக்கெல்லாம் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

இன்றைக்கு நம் வகுப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் மொத்தச் சேர்க்கை விகிதம், அதாவது 18 முதல் 23 வயதுள்ளவர்கள் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் உயர்கல்வியில் சேர்ந்திருப்பவர்கள், நாட்டுக்கு 28.4 சதவீதம், தமிழ்நாட்டுக்கு 47. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்துவிட்டு மேலே படிக்க வரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் வந்தது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024-இல் வந்தது. உசிலம்பட்டி, பேரையூர், மேலூர், கொட்டாம்பட்டி என்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து, வீட்டிலேயே முதல் ஆளாகக் காலேஜ் வாசலை மிதிக்கிற பிள்ளைகள் வருகிறார்கள். வாசல் வரைக்கும் அரசாங்கம் கொண்டுவந்து விட்டுவிட்டது. வாசலிலிருந்து போர்டு வரைக்கும் கூட்டிப்போவது நம் வேலை.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று இதே மதுரையில், சிம்மக்கல்லில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில்தான் தொடங்கியது. எந்தப் பிள்ளை பசியில் அழுதது என்று விசாரித்தா அங்கே தட்டு வைத்தார்கள்? வந்து உட்கார்ந்த எல்லாருக்கும் வைத்தார்கள்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் வேலை பார்த்த கல்லூரியில் தமிழ்த்துறையில் என்னைவிட எட்டு வயது இளைய தோழி ஒருவர். இதோ, இன்று இந்த அரங்கிலும் இருக்கிறார். அவருடைய மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு, வேதியியல் என்றாலே பயம். “அக்கா, நீங்க எப்படி நடத்துறீங்கன்னு ஒரு நாள் உக்காந்து பாக்கட்டுமா? வீட்டுல பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்கணும்” என்றார். தாராளமா வாங்க என்றேன். இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., 52 பேர். கடைசி பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தார். அன்றைக்குப் பாடம் வேதிச் சமநிலை. நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து அம்மோனியா ஆகிற வினையைப் போர்டில் எழுதிவிட்டு, அழுத்தத்தைக் கூட்டினால் என்ன ஆகும் என்று இங்கிலீஷில் கேட்டேன். முன் பெஞ்சில் இரண்டு கை உயர்ந்தது. ஒரு பையன் “ஃபார்வர்ட் ரியாக்‌ஷன்” என்றான். வினை அம்மோனியா பக்கம் நகரும் என்று அர்த்தம். வெரி குட் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போனேன்.

மணி அடித்து ஸ்டாஃப் ரூமுக்கு வந்து டீயைக் கையில் எடுத்தேன். தோழி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “அக்கா, என் பக்கத்துல இருந்த பிள்ளை நீங்க கேட்டதுக்கு ஒரு பதில் சொல்லுச்சு. சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது. நீங்கதான் சொல்லணும்.” என்ன சொன்னாள் என்றேன். “வலது பக்கம் போகும், அங்கதான மூலக்கூறு கம்மின்னு வாய்க்குள்ளயே சொல்லுச்சு.”

டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அழுத்தம் கூடினால் வாயு மூலக்கூறு குறைவாக உள்ள பக்கத்துக்குச் சமநிலை நகரும். அந்தச் சமன்பாட்டில் இடது பக்கம் நான்கு, வலது பக்கம் இரண்டு. முன் பெஞ்சுப் பையன் விடையை மட்டும் சொன்னான், காரணத்தை அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காரணத்தோடு சொன்னவள் கடைசி பெஞ்சில் இருந்தாள். அது என் காதுக்கு எட்டவில்லை. வேதியியலே தெரியாத ஒருவர் காதில் விழுந்து, டீ நேரத்தில் என்னிடம் வந்து சேர்ந்தது.

தோழி இன்னொரு காரியமும் செய்திருந்தார். பாடம் விளங்காத நேரத்தில், நோட்டின் பின்பக்கத்தில் வகுப்பைக் கட்டம் கட்டமாக வரைந்து, நான் யாரைக் கேள்வி கேட்கிறேனோ அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே வந்திருக்கிறார். மொத்தம் 19 புள்ளி. 16 முதல் இரண்டு வரிசையில். மிச்சம் மூன்று, ஜன்னலோரம் பேசிக்கொண்டிருந்த பையன்களை நான் அதட்டிக் கேட்டது. மற்ற கட்டமெல்லாம் வெறுமையாகக் கிடந்தது. எல்லாரையும் ஒரே மாதிரிதான் பார்க்கிறேன் என்று அதுவரை மனப்பூர்வமாக நம்பிக்கொண்டிருந்தேன். அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். உசிலம்பட்டிக்கு உள்ளே ஒரு கிராமம், தினமும் ஆரப்பாளையத்தில் இறங்கி இன்னொரு பஸ் மாறி வருகிறாள். “ஏம்மா, தெரிஞ்சதைச் சத்தமாச் சொல்லக் கூடாதா?” என்றேன். “இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சேன் மேடம். அதுக்குள்ள நீங்க அடுத்ததுக்குப் போயிட்டீங்க.” நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஓரத்தில் கோடு போட்டு, பென்சிலில் சின்னச் சின்ன எழுத்து. ஈக்விலிப்ரியம் – சமநிலை. ரியாக்டன்ட் – வினைபடு பொருள். ரிவர்சிபிள் – மீள். கேட்டலிஸ்ட் – வினையூக்கி. நான் வாயால் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் தமிழ் எழுத்தில் பிடித்துவைத்து, பள்ளிப் புத்தகத்துச் சொல்லோடு ஜோடி சேர்த்து வைத்திருக்கிறாள். சில இடத்தில் ஜோடி கிடைக்காமல் கேள்விக்குறி. சின்ன வகுப்பிலிருந்து இங்கிலீஷிலேயே படித்த எனக்கு அவள் எழுதியிருந்த தமிழ்ச் சொல்லில் பாதி தெரியாது.

இதற்குப் பிறகுதான் காத்திருக்கும் நேரம் பற்றித் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற அம்மையார் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஆராய்ந்தார். ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார். அதை மூன்று விநாடிக்கு நீட்டினாலே பதில் நீளமாக வருகிறது, வாயே திறக்காத பிள்ளைகளும் பேசத் தொடங்குகிறார்கள் என்று 1970-களில் எழுதினார். மனசுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு மூன்று கூடப் போதாது என்பது என் அனுபவம். நான் ஐந்து எண்ணுவேன்.

இதோ, கல்லூரிக் கல்வி மண்டல இணை இயக்குநர் அலுவலகத்திலிருந்து அதிகாரி அவர்கள் வந்துவிட்டார்கள். வணக்கம் ஐயா, வாருங்கள். எத்தனையோ வேலைக்கு நடுவில் நேரம் ஒதுக்கி வந்ததற்கு இந்த அரங்கின் சார்பில் நன்றி. உங்களிடம் ஒரு கோரிக்கை இருக்கிறது, முடிக்கும்போது சொல்கிறேன்.

சரி, அந்தப் புள்ளித் தாளுக்கு வருவோம். ஓரியன்டேஷன், ரெஃப்ரெஷர் என்று நானும் எல்லாப் பயிற்சிக்கும் போய்வந்தவள்தான். நல்ல உரைகள் கேட்டிருக்கிறேன். ஆனால் என் வகுப்பில் 16 புள்ளி எங்கே விழுந்தது என்று அங்கே இருந்தவர்கள் எப்படிச் சொல்ல முடியும்? அதைச் சொல்வதற்குச் சக ஆசிரியர் ஒருவர் நம் கடைசி பெஞ்சில் உட்கார வேண்டும். வேறு துறைக்காரராக இருந்தால் ரொம்ப நல்லது. பாடத்தில் குற்றம் பார்க்க மாட்டார், பிள்ளைகளைப் பார்ப்பார். நாங்கள் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு இவ்வளவுதான்: பார்க்க வருகிறவர் ஆசிரியரைப் பற்றி ஒரு வரி எழுதக் கூடாது, பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று மட்டும் எழுத வேண்டும். அந்தத் தாள் ஆசிரியர் கையில்தான் போக வேண்டும். துறைத்தலைவருக்கும் போகாது, கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு செய்கிற நாக் அமைப்புக்கான கோப்புக்கும் போகாது. கோப்புக்குப் போகும் என்று தெரிந்த அன்றைக்கே நாம் எல்லாரும் நடிக்க ஆரம்பித்துவிடுவோம்.

பதிலுக்கு நானும் தோழியின் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். பகுதி ஒன்று தமிழ், மற்றத் துறைப் பிள்ளைகளும் படிக்கிற மொழிப்பாடம். அங்கே தலை குனிந்து உட்கார்ந்திருந்தவன் யார் தெரியுமா? என் வகுப்பில் முதல் பெஞ்சில் கை தூக்குகிற பையன். பள்ளியில் தமிழே எடுக்காமல் வந்தவன், செய்யுளை எழுத்துக் கூட்டிக்கூட வாசிக்க முடியவில்லை. பார்வையில்லாத மாணவி ஒருத்தியும் இருந்தாள். “இந்த அடியைப் பாருங்க” என்று தோழி போர்டைக் காட்டிப் பேசிய நேரமெல்லாம் அந்தப் பிள்ளை ஒன்றும் எழுதாமல் காத்திருந்தாள். சொன்னேன். அடுத்த நாளிலிருந்து எழுதுவதை வாயாலும் சொல்லிக்கொண்டே எழுதினார். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்றால், எந்த அறையில் எந்தப் பிள்ளை அழ முடியாமல் இருக்கிறது என்பதே அறைக்கு அறை மாறுகிறது பாருங்கள்.

இன்னொன்றையும் இப்படிப் பார்க்க வந்த ஒருவர்தான் சொன்னார். பாடத்துக்கு நடுவில் வகுப்பில் நின்றுகொண்டு, “எஸ்.சி. ஸ்காலர்ஷிப் ஃபார்ம் குடுக்காதவங்க எழுந்திருங்க” என்று சொல்கிறோமே, அந்த அரை நிமிஷத்தில் ஐம்பது பேருக்கு முன்னால் அந்தப் பிள்ளைகளின் சாதியை நாம் அறிவிக்கிறோம். எழுந்து நின்றவர்கள் அந்த மணி நேரம் முழுக்கத் தலை நிமிரவில்லை என்று தாளில் எழுதியிருந்தார். ஃபார்ம் விஷயத்தை அறிவிப்புப் பலகையில் போடலாம், தனித்தனியாக வாட்ஸ்அப்பில் சொல்லலாம். இன்றையிலிருந்து எந்த வகுப்பிலும் யாரையும் எழுப்பி நிறுத்தாதீர்கள், கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது நான் எந்த மேடை ஏறினாலும் கேட்கிற விஷயத்துக்கு வருகிறேன். சொல் நோட்டு. அந்தப் பெண் நோட்டின் ஓரத்தில் தனியாகச் செய்ததை ஒவ்வொரு துறையும் எல்லாருக்குமாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு யூனிட்டுக்கும் முப்பது நாற்பது சொல். இங்கிலீஷ் சொல், தமிழ் எழுத்தில் அதன் உச்சரிப்பு, தமிழ்ச் சொல், ஒரு வரி விளக்கம். அவள் நோட்டை ஜெராக்ஸ் எடுத்துத்தான் தொடங்கினோம். கேள்விக்குறி போட்ட இடங்களைத் தமிழ்த்துறைத் தோழியும் நானும் பள்ளிப் பாடநூல்களை வைத்துக்கொண்டு நிரப்பினோம். செமஸ்டர் முடிவில் 180 சொல் சேர்ந்திருந்தது. அப்புறம் வகுப்பில் ஒரு கேள்வி போட்டால், இரண்டு நிமிஷம் பக்கத்தில் இருப்பவரோடு தமிழிலேயே பேசுங்கள், பிறகு எந்த மொழியில் வேண்டுமானாலும் பதில் சொல்லுங்கள் என்று விட்டோம். பேர் எழுதிய சீட்டைக் குலுக்கி எடுத்துக் கேட்டோம். அந்தப் பெண் பிப்ரவரி மாதத்தில் ஒரு நாள் தானாகவே போர்டுக்கு வந்தாள், பாதி தமிழ் பாதி இங்கிலீஷில் ஒரு சமன்பாட்டை விளக்கினாள். சாக்பீஸ் பிடித்த கை நடுங்கியது, குரல் நடுங்கவில்லை.

தமிழில் கேட்க விட்டால் இங்கிலீஷ் வராமல் போய்விடும் என்று நண்பர்கள் கவலைப்படுகிறார்கள். பாடம் புரிந்தவனுக்குச் சொல் வந்து சேரும். புரியாதவன் மனப்பாடம்தான் செய்வான். இங்கிலீஷ் வழிப் பாடப்பிரிவாக இருந்தாலும் மாணவர்கள் உள்ளூர் மொழியில் தேர்வு எழுத அனுமதியுங்கள் என்று 2023 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழுத் தலைவரே பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டார். தேர்வுக்கே அப்படி என்றால் வகுப்பில் ஒரு சந்தேகம் கேட்பதற்கு என்ன தடை?

இன்டர்னல் மதிப்பெண் பற்றி நாளை மதிய அமர்வில் விரிவாகப் பேச ஆட்கள் வந்திருக்கிறார்கள். விடைத்தாளில் பெயரை மறைத்துவிட்டு இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்திப் பாருங்கள் என்று மட்டும் நான் சொல்லிவைக்கிறேன். பஸ் விஷயமும் அப்படித்தான், 75 சதவீத வருகைக் கணக்கில் முதல் மணி நேரத்தைத் தொலைக்கிற பிள்ளை எந்த ஊர்க்காரர் என்று ஒரு தரம் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள்.

அதிகாரி ஐயாவிடமும் முதல்வர்களிடமும் கோரிக்கை இதுதான். ஒவ்வொரு ஆசிரியருக்கும் வாரத்தில் ஒரு மணி நேரம், கால அட்டவணையிலேயே, பக்கத்து வகுப்பில் போய் உட்காருவதற்கு ஒதுக்கித் தாருங்கள். பணிச்சுமைக் கணக்கில் அதைச் சேருங்கள். கௌரவ விரிவுரையாளர்களுக்கும் அந்த மணி நேரத்துக்குச் சம்பளம் உண்டு என்று எழுதுங்கள். டீ நேரத்திலும் சாப்பாட்டு நேரத்திலும் திருட்டுத்தனமாகச் செய்தே எங்களுக்கு இவ்வளவு தெரிந்தது.

அரங்கின் பின்பக்கம் மேஜையில் நாற்பது சொல் நோட்டு வைத்திருக்கிறேன், துறைக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் அந்தப் பெண் எழுதிய நான்கு சொல்லை அப்படியே அச்சடித்திருக்கிறோம், மற்றப் பக்கங்கள் வெறுமைதான். பக்கத்திலேயே ஒரு தாளும் இருக்கிறது. தன் வகுப்புக்கு யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்பவர்கள் அதில் பெயர் எழுத வேண்டும். தமிழ்த்துறைத் தோழி முதல் வரியில் எழுதிவிட்டார்: திங்கள்கிழமை, மூன்றாம் மணி நேரம், பகுதி ஒன்று தமிழ். இரண்டாவது வரி காலியாக இருக்கிறது. வணக்கம்.