பொன் குஞ்சும் விளாச்சேரி மண்ணும்

(மதுரையில் வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியது)

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையில் விசிறியோடு அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, பொன்னாடைக்குப் பதில் புத்தகம் தந்து என் அலமாரியின் பாரத்தைக் கூட்டிய செயலாளர் அவர்களே, திருப்பரங்குன்றத்திலிருந்து வந்திருக்கும் என் பழைய மாணவிகளே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் தேநீர் வேளையில் திட்டிக்கொள்ளுங்கள்.

பொம்மையின் நிறம், பொம்மையின் விலை, பொம்மை செய்கிறவர்களின் பிழைப்பு என்று மூன்றைப் பேச வந்திருக்கிறேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. நான் இதைச் சொல்லாத மேடை இல்லை என்று வீட்டில் கேலி செய்வார்கள். இன்றும் சொல்வேன்.

அமெரிக்காவில் 1940களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் தம்பதி, நிறம் மட்டும் வேறுபட்ட பொம்மைகளைக் கறுப்பினக் குழந்தைகளிடம் காட்டி, எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளையைக் காட்டின. பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்ற 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பில் இந்த ஆய்வுக்கும் இடம் உண்டு. காக்கைக்குப் பொன்னாகத் தெரிந்த குஞ்சைத் தகரம் என்று நம்பவைத்தது யார்?

பார்பி 1959இல் வந்தாள். 1968இல் கிறிஸ்டி என்ற கறுப்பினத் தோழி வந்தாள். பார்பி என்ற பெயரையே ஒரு கறுப்பினப் பொம்மைக்குக் கொடுக்க 1980 ஆயிற்று. தோழியாக வரலாம், நாயகியாக வரக் கூடாது. நம் சினிமா வழக்கம்தான்! ஆனால் அமெரிக்கன் கேர்ள் நிறுவனம் 2002இல் நெஸ் பெர்ஸ் பழங்குடிச் சிறுமி காயாவைக் கொண்டுவந்தபோது அந்த மக்களையே கலந்து பேசியது. பல்லைக் காட்டுவது அவர்களிடம் மரியாதையில்லை என்பதால், மற்றப் பொம்மைகளைப் போலப் பல் தெரியச் சிரிக்கவிடாமல், வாயை மூடியே செய்தார்கள்.

இனி என் வீட்டுக் கதை. இளைய மகன் வெளிநாட்டிலிருந்து தன் அண்ணன் மகளுக்குக் கறுப்புப் பார்பி ஒன்று அனுப்பினான். பேத்திக்கு ஏழு வயது, என்னைப் போல மாநிறம். ஒரு மதியம் வீடெல்லாம் பவுடர் வாசனை. போய்ப் பார்த்தால், பொம்மைக்குக் கடலை மாவு தேய்த்து, மஞ்சள் பூசி, அரை டப்பா பவுடரையும் கொட்டியிருக்கிறாள். என் மாமியாருக்கு எண்பத்தாறு வயது. காது மந்தம், கண் மட்டும் கழுகு. “யாருக்கடி நலங்கு?” என்றார். “பூட்டி, இவள் வெள்ளையாக வேண்டும்!” என்று கத்தினாள் பேத்தி. கிழவி டிரங்குப் பெட்டியைத் திறந்து, தன் கல்யாணத்துக்குத் தந்த செம்மரத்து மரப்பாச்சி ராணியை எடுத்து நீட்டினார். “இவளை எத்தனை வருஷமாகத் துடைக்கிறேன் தெரியுமா? கறுப்பும் கூடியிருக்கிறது, விலையும் கூடியிருக்கிறது.” பேத்தி விடவில்லை. “அப்படியானால் மீனாட்சி ஏன் பச்சை?” காது கேட்காததால் பூட்டி தப்பித்தார். மாட்டிக்கொண்டவள் நான்.

அதன்பின் எங்கள் தெருக் கொலுக்களை எண்ணத் தொடங்கினேன். செட்டியார் சிவப்பு, செட்டிச்சி சிவப்பு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரோஸ். மரப்பாச்சியை விட்டால் கறுத்தவர்கள் மகிஷாசுரனும் குறவன் குறத்தியும்தான். விளாச்சேரிக்குப் போய்ப் பொம்மை செய்யும் ஒருவரிடம் சண்டைக்கே நின்றேன். அவர் நிதானமாகச் சொன்னார்: “வர்ணத்தை மாற்றுவது பெரிய வேலையா அம்மா? வாங்க ஆள் வேண்டுமே. ஐம்பது பேர் கேட்டால் நாளைக்கே செய்கிறேன்.”

தலைவர் துண்டுச் சீட்டு நீட்டுகிறார். விலையைப் பற்றிப் பேச நேரமில்லை, மன்னிக்க வேண்டும். இரட்டைச் சடை, ரிப்பன், கையில் புத்தகப் பை, நல்ல மாநிறம்: இதுதான் நாங்கள் கேட்டிருக்கும் பொம்மை. வாசலில் மேசைமேல் நோட்டு இருக்கிறது. முப்பத்தேழு பேர் எழுதிவிட்டார்கள். இன்னும் பதின்மூன்று பெயர் வேண்டும். மாமன்ற உறுப்பினர் அம்மா முதலில் எழுதுவார்கள் என்று அவர்களைக் கேட்காமலே அறிவித்துவிடுகிறேன்.